அரையிறுதிக்கு ஒரு மஞ்சள் முடிச்சு

மலேசியாவின் பாயா ரும்புட் ஊரில் விஜயராணியின் வேனில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்கு ஒரு சட்டம் உண்டு. மாலை வகுப்புக்கு எவனாவது வெளிநாட்டுக் கிளப்பின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தால், அவனுக்குக் கடைசி இருக்கைதான். “அந்த ஊர்க்காரனுக்கு உன்ன யாருன்னாச்சும் தெரியுமாடா? தெரியாதுல்ல? அப்பப் பின்னால போ” என்பாள். புலிச் சின்னம் போட்ட மலேசிய அணியின் மஞ்சள் சட்டையைப் போட்டவன் முன்னால், அவள் பக்கத்தில் உட்காரலாம். அன்று அவனுக்கு ஒரு மிட்டாயும் உண்டு.

லூபோக் சீனா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள் அவள். வயசுக்கு வந்த கையோடு தொழிற்சாலை வேலைக்கு வந்தாள். தொழிற்சாலையைப் பூட்டியபோது மற்ற பெண்கள் வாசலில் நின்று அழுதார்கள். அவள் மட்டும் அழவில்லை, வேன் ஓட்டும் லைசென்சுக்குப் போய் நின்றாள். விஜயராணிக்கு அழ வராது. அழ வேண்டிய இடத்திலெல்லாம் அவளுக்குக் கோபம்தான் வரும். மாமியார் செத்த அன்று பிணவண்டிக்காரனோடு சண்டை போட்டாள். மகள் தாரணியின் கல்யாணத்தில், பெண்ணை அனுப்பி வைக்கும் நேரத்தில், பந்தல் கட்டியவனைப் பிடித்துத் திட்டித் தீர்த்தாள். அவளுடைய கணவர் கணேசமூர்த்தி ஒருவருக்குத்தான் அந்தக் கணக்குத் தெரியும். அவள் கத்தக் கத்த அவர் வாயைத் திறக்கமாட்டார்.

காற்பந்து என்றால் கேட்கவே வேண்டாம். தேசிய அணி ஆடினால் டிவியை முன்வாசலுக்குத் தூக்கி வந்து வைப்பாள். அவள் போடும் சத்தத்தில் சுற்றியுள்ள வீடுகளெல்லாம், அந்தத் தாமானே வந்து சேர்ந்துவிடும்.

இந்த முறை கிண்ணப் போட்டிக்குச் சத்தம் இன்னும் அதிகமாக இருந்தது. அதற்கு ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணம் சாமி மேடையில், மாரியம்மன் படத்துக்கு முன்னால், மஞ்சள் துணிக்குள் முடிந்து கிடந்தது.

அவர்கள் வீட்டு வழக்கம் அது. ஏதாவது வேண்டுதல் என்றால் மஞ்சள் நனைத்த துணியில் ஒரு காசை வைத்து, யாருக்காக, எதற்காக என்று வாய்விட்டுச் சொல்லி முடிந்து வைப்பார்கள். முடிந்த நாளிலிருந்து வீட்டில் மீனோ கறியோ, எந்தக் கவிச்சியும் கிடையாது. கேட்டது கிடைத்தால் அந்தக் காசு கோயில் உண்டியலுக்குப் போகும், முடிந்தவள் பால்குடம் எடுப்பாள். கிடைக்காவிட்டால் முடிச்சை அவிழ்த்து, காசை வீட்டிலேயே வைத்துக்கொள்ள வேண்டியதுதான். ஒரு முடிச்சு நிற்கும்போது இன்னொன்று போடக் கூடாது.

தாரணி அந்த முடிச்சைப் பார்த்த அன்று அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கல்யாணமாகி ஆறு வருடமாக மடி நிறையாத பெண். போகாத கோயில் இல்லை, போட்டுக்கொள்ளாத ஊசி இல்லை. போன வாரம்தான் மருத்துவமனையில் மறுபடியும் கருவை வைத்து அனுப்பியிருந்தார்கள். வருகிற திங்கட்கிழமை ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். அதுவரை அலுங்காமல் இருக்கட்டும் என்று கணவன் கிஷன் அவளைத் தாய் வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டு, உம்பாயில் தான் வேலை செய்யும் மீன் கடைக்குத் திரும்பிப் போயிருந்தான்.

“உனக்கு அசாம் பெடாஸ் மீன் கொழம்பு இல்லாம சோறு எறங்காதேம்மா. எனக்காக இப்படி வெறும் சாம்பார ஊத்திக்கிட்டு இருக்கியே” என்றாள் தாரணி.

விஜயராணி கரண்டியால் சாம்பாரை அடிவரைக்கும் கிண்டினாள். அந்தக் காசு தாரணிக்காக முடிந்ததல்ல. மலேசிய அணி கிண்ணத்தைத் தூக்க வேண்டும் என்று முடிந்தது. அதை எப்படிச் சொல்வாள்? போட்டி எப்படியும் சீக்கிரம் முடிந்துவிடும், ஜெயித்துவிட்டால் அந்தக் காசை உண்டியலில் போட்டுவிட்டு மகளுக்குப் புதிதாக முடிந்துவிடலாம் என்று இருந்தவளுக்கு, மருத்துவமனைக்காரர்கள் முந்திக்கொண்டது பேரிடியாக விழுந்தது. இனி அணி ஜெயித்தே ஆக வேண்டும். ஜெயித்தால் யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம்.

அரையிறுதி ஆட்டம் சாயங்காலம் ஆறரைக்குத் தொடங்கியது. முன்வாசலில் பாதித் தாமான் கூடியிருந்தது. அடுத்த வீட்டு லாரி டிரைவர் புவனேந்திரன் குட்டைச் சுவரின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தான்.

முதல் பாதியில் மலேசியா ஒரு கோல் போட்டது. விஜயராணி எழுந்து குதித்ததில் நாற்காலி சாய்ந்தது. இரண்டாம் பாதி முழுக்க எதிரணி நம் பக்கமே வந்து கூடாரம் போட்டது.

“டிஃபென்ஸ் எங்கடா போச்சு? மாமாக் கடைல தே தாரிக் குடிக்கப் போயிட்டானுங்களா?”

“அக்கா, மெதுவாக்கா. ரெஃப்ரி காதுலயே விழுந்துரப் போவுது” என்றான் புவனேந்திரன்.

“விழட்டும்லா! விழுந்தா நேரா இங்க வரட்டும். கண்ணாடி வாங்கித் தரேன்.”

ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது எதிரணி ஒரு கோலைத் திருப்பிப் போட்டது. கூடுதல் நிமிடங்களில், பந்தைத் தூக்கி அடிக்க வேண்டிய நம் தடுப்பாட்டக்காரன் அதைக் காலில் வைத்துக்கொண்டு வித்தை காட்டினான். எதிரணிக்காரன் வந்தான், பிடுங்கினான், போட்டான். அவ்வளவுதான். விசில் ஊதிவிட்டது.

முன்வாசலில் எல்லா வாயும் ஒரே நேரத்தில் திறந்தது. பயிற்சியாளனை மாற்று என்றான் ஒருவன். மேலே உட்கார்ந்து கோட்டு மாட்டிக்கொண்டு கைதட்டுகிறவர்களை முதலில் மாற்று என்றான் இன்னொருவன். ஒவ்வொரு வருடமும் இதே கதைதானே, நாம்தானே முட்டாள்கள் என்று ஒரு பெரியவர் செருப்பைத் தேடினார்.

“உன் புலியெல்லாம் பூனையாப் போச்சேக்கா!” என்று சிரித்தான் புவனேந்திரன்.

அந்தச் சிரிப்புதான் விஜயராணியின் தலைக்கு ஏறியது. கையிலிருந்த ரிமோட் பறந்துபோய்ப் பூந்தொட்டியில் விழுந்தது.

“சிரிக்கிறியாடா? உனக்கென்னடா, வந்த, சுவத்துல குந்துன, போவப் போற! இத்தன நாளா மீன்வாட மோந்து பாக்காம இருந்தது நான்டா! இந்தக் காலு வெளங்காத பயலுங்க கப்பு தூக்கணும்னு ஆத்தா முன்னால காசு முடிஞ்சு வெச்சிட்டு...”

பாதியில் நின்றது வாக்கியம். வாசற்படியில், ஒரு கையால் கதவைப் பிடித்தபடி தாரணி நின்றிருந்தாள்.

“யாருக்காகம்மா காசு முடிஞ்ச?”

கூட்டம் மெல்லக் கலைந்தது. புவனேந்திரன் சுவரிலிருந்து இறங்கி, சிரிப்பை விழுங்கிக்கொண்டு போய்விட்டான். டிவியில் மட்டும் யாரோ இன்னும் எதையோ விளக்கிக்கொண்டிருந்தார்.

“கேக்கிறேன்ல? யாருக்காக?”

“தாரணி, நீ மொதல்ல உள்ள போய்ப் படு. டாக்டர் நிக்கக் கூடாதுன்னு...”

“வயித்துல ஊசி குத்தறப்பல்லாம் அந்த முடிச்சதான் நெனச்சுக்கிட்டுப் பல்லக் கடிச்சேன். அம்மா எனக்காக வாயக் கட்டிக்கிட்டு இருக்காங்க, நான் இந்த வலியப் பொறுத்துக்கக் கூடாதான்னு.” தாரணியின் குரல் உடைந்தது. “அது பந்துக்காம்மா? நான் ஒரு பந்துக்குக் கூடச் சமம் இல்லையா?”

முப்பது வருடமாக வாயைத் திறக்காத கணேசமூர்த்தி அன்று திறந்தார். “நீயெல்லாம் ஒரு தாயாடி?”

விஜயராணிக்குத் திருப்பிக் கத்த ஆயிரம் வார்த்தை இருந்தது. உள்ளே போய், கழுவி வைத்த பாத்திரங்களையெல்லாம் இறக்கி மறுபடியும் கழுவினாள். அடுப்படியில் எழுந்த சத்தத்தைக் கேட்ட யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. தாரணியின் அறைக் கதவு உள்பக்கம் பூட்டிக்கொண்டது.

மறுநாள் மாலை வகுப்புக்குப் போன வேனில் பிள்ளைகள் மூச்சுக்கூட விடவில்லை. மஞ்சள் சட்டை போட்டு வந்த ஒரு பெண் மட்டும், “ஆண்டி, இன்னைக்கி முன்னால உக்காரலாமா?” என்று கேட்டுவிட்டது.

“அந்தச் சட்டையக் கொண்டுபோய்த் தரை தொடைக்க வெச்சுக்கச் சொல்லு உங்கம்மாவ!” என்று சீறினாள். அந்தப் பெண்ணின் உதடு பிதுங்கியதைக் கண்ணாடியில் பார்த்தாள். கோபம் இன்னும் கூடியது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. பள்ளிக்கூட வாசலில் அந்தப் பெண் இறங்கும்போது கையில் இரண்டு மிட்டாயைத் திணித்தாள். வழியெல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டே வீடு திரும்பினாள்.

மதியம் தட்டில் போட்டு வைத்த சோறு அறை வாசலிலேயே காய்ந்து கிடந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்குப் பொறுக்கவில்லை. கதவை ஓங்கித் தட்டினாள்.

“ஏய், கதவத் தொற! என் மேல கோவம்னா என்னத் திட்டு. வயித்தக் காயப் போடாத!”

கதவைத் தோளால் தள்ளிப் பார்த்தாள்.

“தொறக்காட்டிப் போ. அங்கேர்ந்தே கேளு. ஒவ்வொரு தடவையும் உனக்குன்னுதான்டி முடிஞ்சேன். ஒவ்வொரு தடவையும் ஆஸ்பத்திரிலேர்ந்து நீ ஃபோன் பண்ணி, ‘இல்லம்மா’ன்னு ஒரே ஒரு வார்த்த சொல்லிட்டு வெச்சிருவ. அப்பறோம் அந்த முடிச்ச யாரு அவுத்தா? நான்தான் அவுத்தேன். உங்கப்பா தூங்கட்டும்னு காத்திருந்து, ஒத்தையா உக்காந்து அவுத்தேன். அவுக்கிற கைக்குத்தான்டி தெரியும் அந்த வலி.”

கதவுக்குப் பின்னால் கட்டில் கிரீச்சிட்டது.

“இந்தத் தடவையும் துணிய நனச்சேன், காச வெச்சேன். உன் பேரு வாயில வரலடி. மறுபடியும் இல்லன்னு சொல்லிட்டா என்னா பண்ணுவேன்? டிவில இந்தப் பயலுங்க ஓடிக்கிட்டு இருந்தானுங்க. சரி, சின்னதா ஒன்னு கேட்டுப் பாப்போம், அதக் குடுத்தா அடுத்துத் தைரியமா உனக்குக் கேக்கலாம்னு நெனச்சேன். அதுவும் குடுக்கலடி அந்த ஆத்தா! ஒரு பந்து! ஒரு பந்தக் கூட எனக்குக் குடுக்கல!”

அவள் கதவைக் குத்தினாள். கை வலித்தது. மறுபடியும் குத்தினாள். அப்போதுதான் தன் முகம் முழுக்க ஈரமாக இருப்பது அவளுக்கே தெரிந்தது. அது அவளுக்குப் பிடிக்கவில்லை. புடவைத் தலைப்பால் முரட்டுத்தனமாகத் துடைத்துக்கொண்டாள்.

தாழ்ப்பாள் விலகியது. தாரணி கண் வீங்கி நின்றாள். அம்மாவைத் தாண்டிக்கொண்டு நேராகச் சாமி மேடைக்குப் போனாள். முடிச்சைக் கையில் எடுத்தாள்.

“ஒவ்வொரு தடவையும் இதே காசுதானா?”

“அதே காசுதான். உண்டியலுக்குப் போக வழியில்லாம என்கிட்டயே கெடக்குது.”

“அவனுங்கதான் தோத்துட்டானுங்கல்ல. இன்னும் எதுக்கு இத முடிஞ்சு வெச்சிருக்க? அவுரு.”

“அவுத்து?”

“எனக்கு முடி. இப்பவே, என் முன்னால. என் பேரச் சொல்லி.”

“தாரணி, மறுபடியும் அவ இல்லன்னு...”

“சொல்லட்டும்! அதக் கேக்கப் போறது நானு. நீ கேக்கக் கூட மாட்டியா? நேத்து அந்தப் பயலுங்களுக்காகத் தொண்ட கிழியக் கத்துனல்ல? எனக்காக ஒரு தடவ கத்தேன்!”

விஜயராணி முடிச்சை வாங்கினாள். மஞ்சள் காய்ந்து இறுகியிருந்தது. நகத்தால் வரவில்லை, பல்லால் கடித்து இழுத்தாள். காசு உள்ளங்கையில் விழுந்தது. துணியைப் புதிதாக மஞ்சள் தண்ணீரில் நனைத்தாள். காசை வைத்தாள். வாய் திறந்தது, மூடியது. தாரணி அவள் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள்.

பிறகு வந்தது பாருங்கள் ஒரு குரல். அதைப் பிரார்த்தனை என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

“ஏய் ஆத்தா! கேக்குதா? தாரணி! கணேசமூர்த்தி பொண்ணு தாரணி! இவளுக்குக் குடு! பந்தக் குடுக்கல, சரி, தொலையுது, அத அப்பறோம் பேசிக்கலாம். இவளுக்குக் குடு! இந்தத் தடவையும் ஆஃப்சைடுன்னு கொடியத் தூக்கிக் காட்டுன, என் வாய் சும்மா இருக்காது, சொல்லிட்டேன்!”

முடிச்சை இழுத்துக் கட்டியதில் அவள் விரல் சிவந்தது.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து புவனேந்திரன் குரல் கொடுத்தான். “என்னாக்கா, ரீப்ளே ஓடுதா?”

“ரீப்ளே இல்லடா! மூடிக்கிட்டுப் போ!”

தாரணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “நான் இன்னும் கோவமாத்தான் இருக்கேன்.”

“இரு. யாரு வேணாங்கிறா? நானும் கோவமாத்தான் இருக்கேன். சோறு சாப்பிட்டுட்டு இரு.”

அடுப்படி வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த கணேசமூர்த்தியின் கையில் ஒரு பொட்டலம் இருந்தது. நேற்றிரவு ஃபோனில் விஷயத்தைக் கேட்டு, அணி தோற்றதோடு வீட்டில் விரதம் முடிந்தது என்று நினைத்து, காலையில்தான் கிஷன் உம்பாயிலிருந்து நல்ல மீனாகப் பார்த்துக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போயிருந்தான். அசாம் பெடாஸுக்குப் புளி கூட ஊறிக்கொண்டிருந்தது.

அவர் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனார். குட்டைச் சுவருக்கு மேலாக அதைப் புவனேந்திரனிடம் நீட்டினார்.

“இந்தா, நீங்க சமச்சுக்குங்க. எங்க வீட்ல இன்னும் கவிச்சி கெடையாது.”