காலர் மெஷின் இடம் மாறிய சனிக்கிழமை

திருத்தணியில் பள்ளிச் சீருடைச் சட்டை தைக்கும் ஒரு கம்பெனியில் நான் லைன் சூப்பர்வைசராக இருந்தேன். மே மாதம் வந்தால் போதும், சட்டையின் உடலும் கையும் தைத்து முடிந்து குவிந்து கிடக்கும். காலர் மட்டும் வராது. காலர் தைக்கிறவருக்கு வேகம் போதாது என்று மேனேஜரிடம் நானே சொல்லியிருக்கிறேன்.

காலர் தைக்கிறவர் ஆர்.கே.பேட்டைப் பெண். வீட்டில் விசைத்தறி. அதிகம் பேசமாட்டார். ஒரு வெள்ளிக்கிழமை மதியம் என் மேசைமீது ஒரு டப்பாவை வைத்தார். உள்ளே பட்டன்கள். துணிக்கட்டு எடுக்க எழுந்துபோன ஒவ்வொரு தடவையும் ஒன்று போட்டாராம், அன்று காலையிலிருந்து.

"தச்ச நேரத்தவிட நடந்துகினு இருந்த நேரந்தான் ஜாஸ்திங்க மேடம்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. துணி வெட்டும் மேசை ஹாலின் ஒரு கோடியில், அவருடைய மெஷின் மறுகோடியில். காலர் விறைப்பாக நிற்க உள்ளே கேன்வாஸ் துணி ஒட்டும் பிரஸ் மெஷின் வாசலருகே. பிளக் அங்கே இருந்தது என்பதைத் தவிர அதற்கு ஒரு காரணமும் கிடையாது. எதை எங்கே நகர்த்தலாம் என்று அவர் சாக்பீஸால் தரையில் வரைந்து காட்டினார். மேனேஜர் அரைமனதாகச் சனிக்கிழமை காலையை மட்டும் கொடுத்தார்.

மூன்றையும் பக்கம் பக்கமாகப் போட்டோம். ஆனால் முதல் ஒரு மணி நேரம் அந்தப் பெண் வெறுமனே உட்கார்ந்திருந்தார். கட்டிங் மாஸ்டர் வழக்கம்போல் காலரைக் கடைசியாக வெட்டிக்கொண்டிருந்தார். மேனேஜர் என்னைப் பார்த்தார். எல்லாவற்றையும் பழைய இடத்துக்கே மாற்றிவிடலாமா என்றுகூட நினைத்தேன். அந்தப் பெண்ணோ பதறவில்லை. நேரே மாஸ்டரிடம் போனார்.

"அண்ணா, மறுநாளைக்கு வேண்டிய காலர மொத நாள் சாயந்தரமே வெட்டிக் குடுத்துடுங்க. மத்தது அப்புறம் வரட்டும்."

அட்டவணையில் அப்படி இல்லையே என்றார் மாஸ்டர். அட்டவணை போட்டது நான்தான். அங்கேயே நின்று அதைத் திருத்தினேன். திங்கட்கிழமைவரை பார்க்கலாம் என்றார் மேனேஜர். அன்று சாயந்தரமே மாஸ்டர் திங்கட்கிழமைக்கான காலர்களை வெட்டி வைத்தார்.

திங்கட்கிழமை நான்கு மணிக்கெல்லாம் குவியல் கரைந்துவிட்டது. ஓவர்டைம் இல்லாமல் எல்லோரும் ஐந்தரைக்குக் கிளம்பினார்கள். மேனேஜர் என்னைப் பாராட்ட வந்தார். யோசனை யாருடையது என்று சொன்னேன். அவர் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, என்ன வேண்டும் என்று கேட்டார்.

"இஸ்திரி போடறவங்க நாள் பூரா குனிஞ்சிகினே கீறாங்க சார். அந்த மேஜைய கொஞ்சம் ஒசத்திக் குடுங்க" என்றார் அவர்.

அந்த வாரமே மேசைக் கால்களுக்கு அடியில் கட்டை வைத்து உயர்த்தினோம்.