பூஜையில் வைத்த பந்து

நேற்று கம்பெனியில் ஆயுத பூஜை. மெஷினுக்குச் சந்தனம் பூசி, பொரிகடலைப் பொட்டலத்தைக் கையில் திணித்தார்கள். எனக்குத் தங்கவேல் மாஸ்டர் ஞாபகம் வந்து பொரி கசந்தது. மனுஷன் ரிட்டயராகி எங்கே இருக்கிறாரோ தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை.

இருபது வருஷத்துக்கு முந்தைய கதை. காலேஜ் டீமில் பாஸ்கெட்பால் ஆடிவிட்டு, ஓசூர் சிப்காட்டில் டிரெய்னியாக வந்து விழுந்திருந்தேன். நடையில் மட்டும் இந்தியாவுக்கே ஆடியவன் மாதிரி ஒரு மிதப்பு. நான் படித்த பள்ளியின் ஹெட்மாஸ்டர் கூப்பிட்டு, பெண்கள் டீமுக்குப் பயிற்சி கொடுக்கச் சொன்னார். ஷிப்டு முடிந்ததும் ஆயில் நாற்றத்தோடு போவேன். பி.டி. மாஸ்டர் தங்கவேலுக்கு அது பொறுக்கவில்லை. "எங்கிட்ட உதை வாங்குனவன்லாம் கோச்சாம்" என்று என் காதுபடவே சொல்வார். பந்து அறைச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு தினமும் கால்மணி நேரம் காக்க வைப்பார். மனதுக்குள் அவரைத் திட்டியதையெல்லாம் இங்கே எழுதினால் அச்சில் ஏறாது.

டீம் கேப்டன் மஞ்சுளா, பிளஸ் டூ. பாகலூர் பக்கம், வீட்டில் தெலுங்கு. மண்டலப் போட்டியில் ஜெயித்த சர்டிபிகேட் இருந்தால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் காலேஜ் போகலாம்; இல்லையென்றால் வீட்டில் கம்பெனி வேலைக்கு அனுப்பிவிடுவார்கள். காலேஜ் ஆசையை அவளுக்கு மூட்டியவன் நான்தான்.

போட்டி விஜயதசமிக்கு மறுநாள். ஆயுத பூஜையன்று மாலை போனால், ஆறு பந்தும் சந்தனம் குங்குமத்தோடு சாமி படத்துக்கு முன்னால்.

"நாளைக்குக் காலைல மறுபூஜ போட்டுத் தரேன், வந்து எடுத்துக்க. இன்னிக்குத் தொடக்கூடாது" என்றார் மாஸ்டர்.

நியாயம்தான். ஊரில் ஸ்பேனரிலிருந்து பேனா வரை எல்லாமே அன்று பூஜையில்தான் இருக்கும். ஒரு நாள் பயிற்சி இல்லையென்றால் குடி முழுகிவிடாது. ஆனால் சொல்லிவிட்டு ஒரு சிரிப்பு சிரித்தார் பாருங்கள், எனக்குத் தலைக்கேறிவிட்டது. ஒரு பந்தை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று கோர்ட்டுக்குப் போனேன். பெண்கள் எல்லோரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள்.

"பூஜைல வச்சத எடுத்தா ஆவாது சார். வாணாம்" என்றாள் மஞ்சுளா.

அவளும் மாஸ்டர் கட்சியில் சேர்ந்துவிட்டாள் என்றுதான் எனக்குப் பட்டது. "புடிடி!" என்று கத்தி, முழு வேகத்தில் எறிந்தேன். கடைசி நொடியில்தான் அவள் கை தானாக முன்னால் வந்தது. வலது கட்டைவிரல் முறிந்தது.

மாஸ்டர்தான் தன் மொபெட்டில் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காததற்காகவும் அவரை வெறுத்தேன். அவள் இல்லாத டீம் முதல் ஆட்டத்திலேயே தோற்றது. இனி கேட் பக்கம் வரவேண்டாம் என்று ஹெட்மாஸ்டர் சொல்லிவிட்டார்.

பெண்கள் டீம் அந்த வருஷத்தோடு சரி. வளையம் மாட்டிய கம்பங்களை அறுத்து எடுத்துவிட்டார்கள். கோர்ட்டில் இப்போது வாத்தியார்களின் வண்டிகள் நிற்கின்றன.

அடுத்த ஜூனில் எங்கள் கேண்டீன் வரிசையில் நீல யூனிபார்மில் ஒரு பெண், இடது கையில் தட்டோடு திரும்பினாள். மஞ்சுளா.

"வணக்கம் சார்! நீங்களும் இங்கதானா? எந்த ஷிப்டு சார்?"

பெண்களுக்கு அப்போது பகல் ஷிப்டு மட்டும்தான். "நைட்டு" என்று பொய் சொன்னேன். அன்றே சூப்பர்வைசரைக் கெஞ்சி நைட் ஷிப்டு வாங்கிக்கொண்டேன். அவள் கல்யாணமாகி வேலையை விடும் வரை மூன்று வருஷம் பகலில் அந்தக் கேண்டீன் பக்கமே நான் போகவில்லை.