சூப்காரரின் நாக்கு

அந்தத் தெருவில் சூப்காரர் என்றால் அவர் ஒருவர்தான். இரும்புப் பட்டறைகளுக்கு நடுவே, இரண்டு பெஞ்சு மட்டும் கொள்கிற சின்னக் கடை. அவருடைய அப்பா ஆரம்பித்தது. ஒரு அண்டா சூப், ஒரு கூடை ரொட்டி. மத்தியானச் சங்கு ஊதி ஓய்வதற்குள் பாதி அண்டா காலியாகிவிடும். கடை திறக்கும் முன் அவர் கரண்டியில் கொஞ்சம் எடுத்து, ஊதி, உறிஞ்சி, கண்ணை மூடித் தலையாட்டுவார். அதற்கப்புறம்தான் முதல் கிண்ணம் வெளியே போகும். "நாக்கா அது? தராசு!" என்பார் எதிர்ப் பட்டறை வெல்டர்.

மனைவி போன பிறகு கடையில் அவருக்குக் கைகொடுத்தவள் மூத்த மகள். கல்யாணமாகிப் பக்கத்துத் தெருவிலேயே குடியிருந்தாள். காலையில் வந்து வெங்காயம் உரிப்பாள், எலும்பு கழுவுவாள், அதிகம் பேசமாட்டாள். இளையவன் கடைவீதியில் செருப்பு விற்றுக்கொண்டிருந்தான்.

ஒரு மழைக்காலத்தில் சூப்காரருக்குக் கடுமையான காய்ச்சல் வந்தது. போகும்போது அது மூக்கையும் நாக்கையும் கூடவே கொண்டுபோய்விட்டது. உப்பை அள்ளி வாயில் போட்டுப் பார்த்தார். மணலை மென்ற மாதிரி இருந்தது. திரும்ப வரலாம், வராமலும் போகலாம் என்று டாக்டர் கைவிரித்தார். சூப்காரர் வெளியில் மூச்சு விடவில்லை. நாக்குச் செத்த சூப்காரரை எவன் மதிப்பான்? பழகிய அளவில் உப்பும் மிளகும் போட்டார். வழக்கம்போல ஊதி, உறிஞ்சி, தலையாட்டினார்.

ஒருவரும் குறை சொல்லவில்லை. கிண்ணங்கள் வழித்துத் துடைத்தாற்போலத் திரும்பி வந்தன. நாக்கு போனால் என்ன, கைக்கே ருசி தெரிகிறது என்று அவருக்கு உள்ளூரப் பெருமை. ஒரு நாள் முகம் கழுவிவிட்டு வந்தவர், மகள் அண்டாவில் எதையோ தூவுவதைப் பார்த்துவிட்டார்.

"நான் பாத்து இறக்குனதுல எதுக்குக் கை வைக்கிற? உனக்கென்ன தெரியும்?" என்று ரொட்டிக்காரன் முன்னாலேயே கத்தினார்.

"இல்லப்பா, சும்மா கிளறினேன்" என்றாள் அவள்.

முட்டிவலி அதிகமாகி நிற்க முடியாமல் போனதும், சொந்தக்காரர்களைக் கூப்பிட்டு வைத்து மகனிடம் சாவியைக் கொடுத்தார். "எங்கப்பா எனக்குக் கொடுத்தாரு. நான் என் பையனுக்குக் கொடுக்குறேன்" என்றார். வந்தவர்களுக்கு டீ ஊற்றிக்கொண்டிருந்தாள் மகள். அவளையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

சீக்கிரமே அவள் குடும்பத்தோடு வேறு ஊருக்குக் கிளம்பினாள். புருஷனுக்கு அங்கே ஒரு மில்லில் நல்ல வேலை நெடுநாளாகக் காத்திருந்ததாம். அவள்தான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாளாம். சாமான் ஏற்றும்போது மருமகன் சொல்லித்தான் அதுவே அவருக்குத் தெரிந்தது.

மகன் அக்கறையாகத்தான் செய்தான். அப்பா சொன்ன அளவு, அப்பா சொன்ன பக்குவம். அப்பாவும் பெஞ்சில் உட்கார்ந்தபடி ருசி பார்த்துத் தலையாட்டினார். அக்கா இல்லாத முதல் நாளே வெல்டர் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். "என்ன பெரியவரே, பாத்திரம் கழுவின தண்ணி மாதிரி இருக்கு?" மறுநாள் உப்புக் கரித்தது. வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள்.

"ஒரு சூப்பு வைக்கத் துப்பில்ல உனக்கு!" என்று மகன்மேல் பாய்ந்தார்.

மகன் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினான். "நீங்கதானேப்பா குடிச்சுப் பாத்து, சரியா இருக்குன்னு தலையாட்டினீங்க?"

அவருக்கு அண்டா பக்கத்தில் தினமும் கடைசியாக நின்றவள் யார் என்பது அப்போதுதான் உறைத்தது.

பஸ் பிடித்து மகள் வீட்டுக்குப் போனார். தண்ணீர் கொண்டுவந்து வைத்தவளிடம், "உனக்கு எப்பத்திலேருந்தும்மா தெரியும்?" என்றார்.

என்ன கேட்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. "புளிச்சுப்போன பாலை முகம் சுளிக்காம குடிச்சீங்களே, அன்னிலேருந்து."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"நீங்களே மறைக்கும்போது நான் எப்படிப்பா கேக்குறது?"

"வந்துடும்மா. கடை உனக்குத்தான். தம்பிகிட்ட நான் பேசிக்கிறேன்."

அவள் சிரித்தாள். அதில் கோபம் இல்லை. கோபித்துக்கொண்டிருந்தால்கூட அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். "அன்னிக்கு என்னையும் ஒரு தடவை கேட்டிருந்தீங்கன்னா, இவரை மட்டும் இங்க அனுப்பிட்டு நான் அங்கயே இருந்திருப்பேன். இப்ப வேணாம்ப்பா. பிள்ளைங்களுக்கு இந்த ஊரு பழகிடுச்சு. எனக்கும் ஸ்கூல் சமையல்ல வேலை கிடைச்சிருக்கு. கை கழுவுங்க, சாப்பிடலாம்."

தப்புப் பண்ணிட்டேம்மா என்று சொல்லத்தான் அவ்வளவு தூரம் வந்திருந்தார். ஆனால், "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றுதான் சொன்னார்.

மகன் அக்காவிடம் போனில் கேட்டுக் கேட்டுச் சில மாதம் முயன்று பார்த்தான். போன வாடிக்கை திரும்பவில்லை. பிறகு அண்டாவை விற்றுவிட்டு டீயும் பன்னும் போட்டான். அது அவனுக்குக் கைவந்தது, பெஞ்சும் நிறைந்தது. சூப்காரர் அந்தப் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டார். முட்டி ஒத்துழைக்கும் நாட்களில் மகளைப் பார்க்கப் போவார். பேரப்பிள்ளைகளோடு விளையாடுவார், பட்டறைத் தெருக் கதையெல்லாம் ஒன்று விடாமல் சொல்லுவார். அந்த ஒரு பேச்சை மட்டும், அடுத்த தடவை சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டுத் திரும்புவார்.