முடிவெட்டும் கால் சதவீதமும்

அவள் வேலை, விலை கேட்பது. வாங்குவதில்லை, பேரம் பேசுவதில்லை, கேட்டு எழுதிக்கொண்டு போவதோடு சரி. புள்ளிவிவர அலுவலகத்தின் பட்டியலில் இருநூற்றுப் பன்னிரண்டு பொருள்கள். ஒவ்வொரு மாதமும் அதே தேதியில், அதே கடையில், அதே சோப்பு, அதே எடை. கடைத்தெருவில் அவளுக்கு ‘விலைக்காரி’ என்றே பெயர். புதிதாகக் கடை போட்டவர்கள் வரி அதிகாரி என்று நினைத்து நாற்காலி போடுவார்கள். விஷயம் தெரிந்ததும் நாற்காலியை எடுத்துவிடுவார்கள்.

அந்தப் பட்டியலில் நூற்று அறுபத்து மூன்றாவது வரி: ‘முடிவெட்டு, ஆண், பெரியவர், சாதாரணம், சவரம் நீங்கலாக.’ அதற்காக இரண்டு நாற்காலி கொண்ட ஒரு சலூனுக்கு மூன்று வருடம் போய்வந்தாள். முப்பத்தாறு தடவை கேட்டாள். முப்பத்தாறு தடவையும் அந்தக் கடைக்காரர் சீப்பைக் கீழே வைக்காமல், “அதே நூறுதாங்க” என்றார். ஊரில் உப்பு முதல் செருப்பு வரை ஏறியபோதும் இந்த மனிதர் மட்டும் ஏறவில்லை. இவ்வளவு நிலையான ஆள் வேறெங்கே கிடைப்பார் என்று முப்பத்தேழாவது மாதம் அவரையே கல்யாணம் செய்துகொண்டாள். அதற்குப் பிறகும் மாதம் ஒருமுறை பையை மாட்டிக்கொண்டு வந்து அவரிடம் விலை கேட்டாள். பட்டியலில் கடை இருக்கிறதே, என்ன செய்வது?

வியாபாரம் படுத்துக் கிடந்த ஒரு வருடம், மத்திய வங்கி வட்டியைத் தரைமட்டத்துக்கு இறக்கியது. வங்கிகளில் பணம் வழிந்தது. முன்பு கடன் கேட்டுப் போனால் முகம் கொடுத்துப் பேசாத வங்கிக்காரர்கள், இப்போது அவர்களே போன் செய்தார்கள்.

“மாறும் வட்டி சார். இப்போ இறங்கிட்டே இருக்கு, பாருங்க” என்றான் வங்கிக்காரன்.

மாறும் என்றால் இறங்கும் என்று கணவனும் மனைவியும் புரிந்துகொண்டார்கள். இருபது வருடக் கடனில் இரண்டு அறை வீடு வாங்கினார்கள். தவணை பதினோராயிரத்து நானூறு. தெருவில் பாதிப் பேர் அதேபோல வாங்கினார்கள். மீதிப் பேர் மாடி எழுப்பினார்கள். எல்லார் கையிலும் பணம் இருந்தது. சூளையில் செங்கல்தான் இல்லை.

அதன் பலனை முதலில் பார்த்தவள் அவள்தான். சிமென்ட் ஏறியது. கொத்தனார் கூலி ஏறியது. கொத்தனார் முட்டையை டஜனாக வாங்க ஆரம்பித்ததும் முட்டை ஏறியது. ஒருநாள் பிஸ்கட் பாக்கெட்டைக் கையில் எடுத்தவளுக்குச் சந்தேகம் தட்டியது. விலை அதேதான், ஆனால் கைக்கு லேசாக இருந்தது. தராசில் வைத்தாள். நூறு கிராம் எண்பத்திரண்டாகியிருந்தது.

“அக்கா, விலை ஏறலையே, அப்படியே எழுதிக்க வேண்டியதுதானே?” என்றார் மளிகைக்காரர்.

“விலை ஏறலை. பிஸ்கட் இறங்கிடுச்சே” என்றவள், எடையோடு எழுதிக்கொண்டு போனாள். அந்த மாதம் அவளுடைய அறிக்கையைப் பாராட்டி மேலதிகாரி இரண்டு வரி எழுதினார்.

அவளைப் போன்ற நூற்றுக்கணக்கானவர்கள் எழுதியதெல்லாம் சேர்ந்து ஓர் எண்ணாகி, மத்திய வங்கியின் மேசைக்குப் போனது. எண்ணைப் பார்த்து அவர்கள் திடுக்கிட்டு வட்டியைக் கால் சதவீதம் ஏற்றினார்கள். பிறகு அரை. ஒன்றரை வருடத்தில் ஒன்பது முறை. வீட்டுத் தவணை பதினாலாயிரத்து நூற்றுத் தொண்ணூறுக்கு வந்து நின்றது.

வங்கிக் கடிதத்தைப் படித்துவிட்டு கணவர் மனைவியைப் பார்த்தார்.

“நீ கொஞ்சம் குறைச்சு எழுதியிருக்கலாம்ல?”

“பொய் எழுதச் சொல்றீங்களா?”

“பொய் வேணாம். அந்தத் தராசையாவது வீட்டுல வச்சுட்டுப் போயிருக்கலாம்.”

அன்று இரண்டு பேரும் சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் அவர் சலூன் கண்ணாடியில் ‘100’ இருந்த இடத்தைச் சுரண்டிவிட்டு ‘120’ என்று ஒட்டினார். பத்தாம் தேதி அவள் வந்தாள். விலையை எழுதினாள். விலை மாறினால் காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு. சற்று யோசித்துவிட்டு, ‘கடைக்காரரின் வீட்டுக்கடன் வட்டி உயர்வு’ என்று நிரப்பினாள். உண்மையைத்தானே எழுத வேண்டும்!

அந்த ஒரு வரி எப்படியோ மத்திய வங்கி ஆராய்ச்சிப் பிரிவில் ஒருவர் கண்ணில் பட்டது. நேரில் பார்க்க வேண்டும் என்று வந்தே விட்டார். கழுத்துப் பட்டையும் கருப்புப் பையுமாக வந்தவரைச் சலூனின் இரண்டாவது நாற்காலிக்காரர் உட்காரவைத்துத் துணியைப் போர்த்தினார். ஒன்பது வருடமாக அங்கே வேலை செய்பவர். தலையில் ஒரு முடி கிடையாது என்பதால் ஊரே அவரை ‘வழுக்கை’ என்று அழைத்தது.

“வெளியில பணம் அதிகமாச் சுத்துது. பொருள் அதே அளவுதான் இருக்கு. அப்போ விலை ஏறத்தானே செய்யும்? அந்தப் பணத்தை உள்ள இழுக்கத்தான் வட்டியை ஏத்துறோம்” என்று பொறுமையாக விளக்கினார் அதிகாரி.

“சுத்துற பணம் இந்தப் பக்கம் வரவே இல்லையே சார். இழுக்குறது மட்டும் எங்கிட்டேருந்தா?” என்றார் கணவர்.

“நீங்க மட்டும் இல்லை, எல்லாருமே செலவைக் குறைக்கணும். அப்போதான் அடங்கும்.”

“நான் செலவைக் குறைக்கலை சார். வருமானத்தைக் கூட்டிட்டேன்.”

“அதைத்தான் நாங்க எதிர்பார்க்கலை” என்று அதிகாரி ஒப்புக்கொண்டார். வழுக்கை அதிகாரியின் தலையை மெதுவாக முன்னால் சாய்த்தார். எழுந்தவர் நூற்றிருபது கொடுத்து, ரசீது கேட்டார். போகும்போதுதான், விலை சொல்பவரும் விலை எழுதுபவரும் கணவன் மனைவி என்பது அவருக்குத் தெரிந்தது. முகம் மாறியது. “இது விதிப்படி சரியில்லையேம்மா” என்று மட்டும் சொன்னார்.

அதிகாரி சொன்னபடியே எல்லாரும் செலவைக் குறைத்தார்கள். நாலு வாரத்துக்கு ஒருமுறை வந்தவர்கள் ஆறு வாரத்துக்கு ஒருமுறை வந்தார்கள். தெருவே சற்றுக் கலைந்த தலையோடு நடந்தது. நாளுக்கு முப்பது தலை பத்தொன்பதாகக் குறைந்தது. ஐந்து மாதம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, கணவர் மறுபடியும் ‘100’ ஒட்டினார். ஆனால் ஆறு வாரம் பழகிய தலைகள் நாலு வாரத்துக்குத் திரும்பவில்லை. இரண்டாவது நாற்காலிக்கு வேலை இல்லாமல் போனது.

“நானே சொல்லணும்னு இருந்தேண்ணே” என்றார் வழுக்கை, கணவர் வாய் திறப்பதற்கு முன்பே. தன் கத்திரிக்கோலைத் துணியில் சுற்றிக்கொண்டு போய்விட்டார். அன்று கணவர் கடையை மதியமே பூட்டிவிட்டார்.

அந்த மாதம் நூற்று அறுபத்து மூன்றாவது வரியில் அவள் ‘100’ என்று எழுதினாள். நாட்டில் விலைவாசி தணியத் தொடங்கிவிட்டது என்று மத்திய வங்கி அறிவித்தது. எடுத்த நடவடிக்கை பலன் தருகிறதாம். பலன் தருவதால் வட்டி இப்போதைக்கு அப்படியே இருக்குமாம்.

அதே வாரம் அலுவலகத்திலிருந்து அவளுக்கு உத்தரவு வந்தது: உறவினர் கடை பட்டியலில் இருக்கக்கூடாது, நீக்கிவிட்டு அருகிலேயே மாற்றுக் கடை ஒன்றைச் சேர்க்கவும். அருகில் புதிதாக ஒரே ஒரு கடைதான் இருந்தது. வழுக்கை தன் வீட்டு முன்னறையில் கண்ணாடி மாட்டித் திறந்த கடை. எண்பதுக்கு வெட்டினார். கணவரின் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள். அவளைக் கண்டதும் ஒவ்வொருவரும் பத்திரிகையை முகத்துக்கு நேரே உயர்த்தினார்கள்.

“வாங்கக்கா” என்று வழுக்கை நாற்காலியைத் துடைத்துப் போட்டார். விலையைச் சொன்னார். அவள் எழுதினாள்.

“அக்கா, ஒரு பத்து ஏத்தலாமான்னு பாக்குறேன். நீங்க என்ன சொல்றீங்க?”

எண்பதைத் தொண்ணூறாக்கினால் கணவர் கடைக்குக் கொஞ்சம் பேர் திரும்பக்கூடும். அந்தப் பத்தும் மத்திய வங்கியின் எண்ணில் சேர்ந்து, தவணையும் கூடக்கூடும். கருத்துச் சொல்ல அவளுக்கு அனுமதி இல்லை.

“நான் கேக்க மட்டுந்தான் முடியும் தம்பி” என்றாள். “அடுத்த மாசம் பத்தாம் தேதி வந்து கேக்குறேன்.”