கல்லுப்பட்டிச் சாலையில் ஒரு காத்திருப்பு

சாலையின் பலத்தைச் சோதிப்பது என் வேலை. ஜீப்புக்குப் பின்னால் ஒரு இயந்திரத்தை இழுத்துக்கொண்டு போவோம். அதிலிருந்து முதலில் சிறிய எடையும் பிறகு பெரிய எடையும் தொப்பென்று சாலையில் விழும். தரை எவ்வளவு அமுங்கி எழுகிறது என்று கருவி காட்டும். அந்த அமுங்கல் ஒரு அரிசியின் தடிமன்கூட இருக்காது.

அன்று டி. கல்லுப்பட்டி பக்கம், கரிசல் காட்டு வழியாகப் போகும் சாலையில் வேலை. கடைசியாகச் சோதிக்க வேண்டிய இடம் ஒரு வீட்டு வாசலை ஒட்டி அமைந்துவிட்டது. சிறிய எடை ஒருமுறை விழுந்ததுமே உள்ளிருந்து ஒரு இளம்பெண் ஓடிவந்தாள். கைக்குழந்தைக்குக் காய்ச்சலாம். ராத்திரி முழுக்க அழுதுவிட்டு இப்போதுதான் கண்ணயர்ந்தானாம். அடுத்து பெரிய எடையைப் போட வேண்டும் என்றேன்.

“இதே மாதிரி மெதுவாத் தட்டிட்டுப் போயிருங்கக்கா. மிச்சத்தக் கணக்குப் போட்டுக்கிற முடியாதா?”

நியாயமான கேள்விதான். மண் அப்படிக் கணக்குக்கு அடங்காது என்று சொல்லிப் பார்த்தேன். சிறிய எடைக்கு விறைப்பாக நிற்கிற கரிசல், எடை இரண்டு மடங்கானால் இரண்டு மடங்குக்கும் மேலேயே அமுங்கிவிடும். ஜல்லி லாரி ஓடுகிற சாலையில் லாரியின் கனத்தைப் போட்டுத்தான் பார்த்தாக வேண்டும். அவள் தலையாட்டினாள். பார்வை மட்டும் வீட்டுக்குள்ளேயே இருந்தது.

“பிள்ளை எந்திரிக்கட்டும். நான் இருக்கேன்” என்றேன்.

டிரைவரும் உதவியாளரும் சாப்பிடப் போய்விட்டார்கள். வாசல் வேம்பின் நிழலில் எனக்கு நாற்காலி போட்டு மோர் கொண்டுவந்தாள். எத்தனை பிள்ளைகள் என்று கேட்டாள். ஒரு மகன், சென்னையில் ஹாஸ்டலில் படிக்கிறான், அவன் அப்பா மஸ்கட்டில் என்று சொன்னேன்.

“அப்ப யாருக்குக்கா சோறு பொங்குவீங்க?”

“எனக்குத்தான்.”

சொன்ன பிறகுதான் அந்தப் பதில் எனக்கே உறைத்தது. அவள் உள்ளே போனபின் காலைக்கூட அசைக்காமல் உட்கார்ந்திருந்தேன். ஒருவர் தூங்குகிறார் என்பதற்காகச் சத்தம் காட்டாமல் இருந்து எத்தனை காலமாயிற்று. விளாங்குடியில் என் வீட்டில் எந்தப் பாத்திரம் விழுந்தாலும் விழித்துக்கொள்ள ஆளில்லை.

வெயில் சாயும் நேரத்தில் அழுகுரல் கேட்டது. அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். நெற்றியெல்லாம் வேர்வை.

“காய்ச்சல் விட்டுருச்சுக்கா. இனிப் போடுங்க.”

பெரிய எடை விழுந்தது. பிள்ளை திடுக்கிட்டு அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். சிறிய எடைக்கு வந்த அளவைப் பெருக்கிப் பார்த்தால் வந்திருக்கக்கூடியதைவிட வெகுவாக அமுங்கியிருந்தது தரை. அந்த இடத்தைத் தோண்டி வேறு மண் போட வேண்டியிருக்கும் என்று அவளிடம் சொன்னேன்.

“அப்ப மறுபடி வருவீங்களா?”

“நான் வரமாட்டேன்மா. ரோடு போடுறவங்க வருவாங்க.”

சரி என்று உள்ளே போனாள்.

திரும்பும் வழியில் மகனுக்குப் போன் செய்தேன். என்னம்மா, எதுவும் அவசரமா என்று கேட்டான். இல்லை, சும்மாதான் என்றேன். மாலை வகுப்பு இருக்கிறது என்று வைத்துவிட்டான். போனைப் பைக்குள் போட்டபோது ஜீப் திருமங்கலத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது.