இடது செருப்பு

தொண்டியில் என் ஏலக்கூடத்துக்கு நண்டு எடுக்க வரும் அந்த அக்காவின் பெயரை இங்கே எழுதமாட்டேன். ஒருமுறை எழுதிப் பட்டது போதும்.

ஒல்லியான உடம்பு, சிரிக்காத முகம். ஏலத்தில் வாய் திறக்கமாட்டார். இடது செருப்பைக் கழற்றினால் விலையை ஏற்றுகிறார் என்று பொருள். அது எனக்கு மட்டுமே தெரியும். அவர் ஏலம் கேட்கிறார் என்று தெரிந்தால், மற்ற வியாபாரிகள் வேண்டுமென்றே விலையை ஏற்றிவிடுவார்கள்.

ஏலத்துக்கென்றே வந்த மென்பொருள்கள் மூன்றைப் பார்த்தேன். ஏலம் கேட்பவர் பெயர் கூடத்து டிவியில் மின்னும் என்பதற்காகவே ஒன்றை வாங்கினேன். முதல் நாள் அக்காவின் செருப்பு கழன்றது. நான் கம்ப்யூட்டரில் தட்டினேன். டிவி முழுக்க அவர் பெயர். விலை எகிறியது. அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு நேரே என்னிடம் வந்தார்.

"ஏலே, பக்கத்துல நிக்கிறவனுக்கே தெரியாததை ஊருக்கே படம் காட்டுறியா?"

"நான் இல்லக்கா, சாஃப்ட்வேர்..."

"அதுக்கா செருப்பைக் கழத்துனேன்? உன்னை நம்பித்தானே கழத்துனேன்! இனி கையில எடுத்தாத்தான் உனக்குப் புரியும்."

நான் நண்டுக்கூடைக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

மென்பொருள் விற்றவன் போனில், "அவங்க சைகை என்னன்னு சொல்லுங்க சார், அதையும் சேத்துருவோம்" என்றான்.

"இருமல்" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

டிவியைக் கழற்றிய பிறகு அக்கா வந்தார். ஏலம் முடியும்வரை இரண்டு செருப்பும் காலிலேயே இருந்தன. என்னை முறைத்துவிட்டுப் போனார். தினமும் அப்படித்தான் வந்து நிற்கிறார். நானும் நண்டைப் பார்க்காமல், அவர் காலையே பார்த்து ஏலம் கூவிக்கொண்டிருக்கிறேன்.