தேவமணிச் சுழியும் அழுகிய குளம்பும்

எனக்குக் குதிரைகளைப் பிடிக்காது. குதிரை வைத்திருந்தவர்களை அதைவிடப் பிடிக்காது. இரண்டையும் ஒரே வீட்டில் சேர்த்து என் தலையில் கட்டினார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில், ஒரு வைகாசியில், மண்ணச்சநல்லூரிலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். என் வீட்டுக்காரர் ரயிலடியில் குதிரை வண்டி ஓட்டினார். கோயிலுக்கும் அம்மா மண்டபத்துக்கும் போகிறவர்கள்தான் சவாரி. வண்டியை ஓட்டியது அவர், அவரை ஓட்டியது என் மாமியார். குதிரையைத் தேர்ந்தெடுத்ததும் மாமியார்தான். எங்கள் கல்யாணத்துக்குச் சில மாதம் முன்பு குதிரை விற்கிற தென்னூருக்கே நேரில் போய், நெற்றி, மார்பு, விலா என்று அதன் உடம்பு முழுக்கச் சுழி பார்த்திருக்கிறார். தொண்டைக்குக் கீழே மயிர் சுழித்திருந்தது. அதற்குத் தேவமணி என்று பெயர். அது இருக்கிற குதிரை நின்றால் அந்த வீட்டை எந்தக் கெடுதலும் அண்டாதாம். அந்தச் சுழியைப் பற்றி அவர் பெருமை பேசாத வீடு தெருவில் கிடையாது. ஒரு காலையாவது தூக்கிப் பார்த்தாரா என்றால், இல்லை. லாடம் புதிதாக இருந்தது, அது போதும் என்று வாங்கி வந்துவிட்டார்.

நான் வந்த வாரமே குதிரை நொண்டியது. முன்னங்கால் ஒன்றை ஊன்றவே மாட்டேன் என்றது.

"தேவமணி இருக்கிற குதிரை எப்படிங்க நொண்டும்? எல்லாம் இவ கால் வெச்ச நேரம்," என்று மாமியார் அடுத்த வீட்டம்மாவிடம் சொன்னது கொல்லையில் இருந்த எனக்குக் கேட்டது. கேட்கட்டும் என்றுதான் சொன்னார். மறுநாள் என் முகத்துக்கு நேராகவே சொன்னார்: "ஆடிக்கு உங்க அப்பா வந்து அழைச்சிட்டுப் போவாருல்ல? அங்கேயே இருந்துக்க. இங்கேருந்து யாரும் கூப்பிட வர மாட்டோம்."

முதல் ஆடிக்குப் பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துப் போவதும், ஆவணியில் புகுந்த வீட்டார் வந்து கூட்டிப் போவதும் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். கூப்பிட ஆள் வராவிட்டால் அவளுக்குப் பெயர் வாழாவெட்டி. எனக்குப் பின்னால் இரண்டு தங்கைகள் கல்யாணத்துக்கு நின்றார்கள். என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அம்மா ஏதோ கோவத்துல சொல்லுது, விடு," என்றார். தாயாரைப் பற்றி அதற்கு மேல் அவர் பேசி நான் கேட்டதில்லை.

அந்த ஆத்திரத்தோடு கொட்டிலுக்குப் போய்க் குதிரையின் காலைத் தூக்கினேன். அப்பாவின் வண்டி மாடுகளுக்கு மழைக்காலத்தில் குளம்பு அழுகி நான் பார்த்திருக்கிறேன். இங்கேயும் அதே நாற்றம். குளம்புக்கு அடியில் மெத்தென்று இருக்க வேண்டிய இடம் கறுத்துக் கூழாகியிருந்தது. காரணத்தைத் தேடவே வேண்டாம். கிணற்றடித் தண்ணீரும் சமையல்கட்டுத் தண்ணீரும் கொட்டிலுக்குள்தான் ஓடின. மாதக்கணக்கில் குதிரை அந்தச் சேற்றில்தான் நின்றிருக்கிறது. கொல்லையில் மேடான, காய்ந்த இடம் ஒன்று இருந்தது. அங்கே மாமியாரின் விறகும் வறட்டியும் சொகுசாக இருந்தன.

"விறகை எடுத்துட்டுக் குதிரையை மேட்டுல கட்டணுங்க அத்தை. குளம்பு அழுகியிருக்கு."

"விறகு நனைஞ்சா உங்க அப்பா வந்து அடுப்பு ஊதுவாரா?"

நானே எடுத்து வேறு இடத்தில் போட்டேன். அவர் திட்டத் திட்ட எடுத்தேன். பிறகு தினமும் வளைந்த ஆணியால் அழுக்கை நோண்டி, உப்புப் போட்ட வெந்நீரில் கழுவி, ஈரத்தை ஒற்றி, வேப்பெண்ணெயில் மஞ்சள் குழைத்து அடைத்தேன். குதிரை நன்றி காட்டியது என்று நினைத்துவிடாதீர்கள். என் தோளைக் கடித்தது. கல்யாணத்துக்கு எடுத்த புடவை ஒன்றைக் கிழித்தது. குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்களே, அந்தக் கதைதான். "சனியனே, நில்லு" என்பதைத் தவிர அதனிடம் நான் வேறு பேசியதில்லை. இரக்கத்தில் எதுவும் செய்யவில்லை. அது நடந்தால்தான் எனக்கு வாழ்வு.

ஆனிக் கடைசியில் அது நான்கு காலையும் ஊன்றி ஓடியது. மாமியார் தேவமணிக்கு மஞ்சள் குங்குமம் வைத்தார். "பாத்தீங்களா, சுழி தன் வேலையைக் காட்டிடுச்சு. இவளும் போயிட்டான்னா இன்னும் நல்லா ஓடும்," என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்.

அப்பா அழைக்க வந்தார். அந்தக் குதிரையே எங்கள் இருவரையும் கொள்ளிடம் தாண்டிக் கொண்டுபோய் இறக்கியது. என் வீட்டுக்காரர் "வரேன்" என்றார். என்றைக்கு என்று சொல்லவில்லை.

ஆவணி பிறந்தது, யாரும் வரவில்லை. அப்பா வெளியே போவதைக் குறைத்துக்கொண்டார். அம்மா அடுப்புப் புகை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தாள். எனக்கு அழுகை வரவில்லை. ஸ்ரீரங்கத்து வீட்டில் ஒவ்வொருவரையும் மனதுக்குள் வைதுகொண்டிருந்தேன்.

பிறகு ஒரு நாள் காலையில் மாமியார் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார். சொந்தமாகக் குதிரை வண்டி வைத்திருந்த வீட்டம்மா, பஸ் கூட்டத்தில் நின்றுகொண்டே வந்து, கசங்கிய புடவையோடு எங்கள் வாசலில் நின்றார். அம்மா ஓடிப் போய் மோர் கொண்டு வந்தாள்.

"கிளம்பு," என்றார் என்னைப் பார்த்து.

"வண்டியில வந்திருக்கலாமேங்க அத்தை?"

அவர் மோர்ச் சொம்பைப் பார்த்தார். "குதிரை நொண்டுது."

"விறகு எங்க இருக்கு?"

"மழை வர்ற மாதிரி இருந்துச்சு. மேட்டுல எடுத்து வெச்சேன்."

"போம்மா, போய்ப் புடவையை மாத்து," என்று அம்மா என் முதுகைத் தள்ளினாள். நான் அசையவில்லை. அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்த்தார்கள். அவர்களுக்கும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினேன்.

"நான்தான் அங்க இல்லையே. இப்ப யாரு கால் வெச்ச நேரங்க அத்தை?"

அவர் மோரைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். சொம்பைக் கீழே வைத்துவிட்டு, "விறகை எடுத்துடறேன். வா," என்றார். அதற்கு மேல் அவர் வாயிலிருந்து எதுவும் வராது என்று எனக்குத் தெரியும். அப்பாவின் வேப்பெண்ணெய்ப் புட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

திரும்புகிற பஸ்ஸில் ஒரே ஓர் இடம்தான் காலியாக இருந்தது. நான் உட்கார்ந்துகொண்டேன்.